ரப்பர் வளையத்தின் தடம்

உலாங்கோமில் இன்று மைனஸ் முப்பத்தெட்டு.
வெளியே போனால் மூக்குமயிர் ஊசியாகிறது.
உள்ளே நர்மந்தாக்
இரத்தப் பைகளுக்காக
அறையை இருபத்திரண்டில் வைத்திருக்கிறாள்.
ஊரே குளிர்பெட்டி. ஆனால்
பிரிக்கும்வரை பை குளிரக் கூடாது,
பிரித்த பின் மஞ்சள் நீர்
வெதுவெதுப்பில் சோம்பக் கூடாது.
இதற்கு மேல் விளக்கினால்
கேட்பவர்க்குக் கொட்டாவி வரும் என்பாள்.

உறைய வைக்கும் காரணிகளுக்கு
எண்தான் பெயர். ஒன்று முதல் பதின்மூன்று.
நடுவில் ஆறு கிடையாது,
யாரோ வைத்து, பிறகு அடித்துவிட்டார்கள்.
ஆறு இல்லாமலே புண் ஆறுகிறது.
எட்டுதான் நோஞ்சான்.
பை மேசையில் கிடக்கும் ஒவ்வொரு மணிக்கும்
பந்தியில் சொல்லாமல் எழுந்து போகிறவர்போல
கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.
அதன் பின்னாலேயே ஐந்து.
ஒன்றாம் எண்ணுக்கு எதுவும் உறைக்காது,
உட்கார்ந்தபடி இருக்கும்.

எட்டுக்காக எட்டு மணி நேரம்.
அதற்குள் சுழற்றி, பிரித்து, கல்லாக்க வேண்டும்.

காலையில் புரெவ்ஜால் வந்தார்,
நிலக்கரி லாரி ஓட்டுபவர், தொண்ணூறு கிலோமீட்டர்.
குளிரில் நரம்பெல்லாம் ஒளிந்துகொண்டன.
முதல் குத்து வீண்.
இரண்டாவதில் தயங்கித் தயங்கி வந்தது.
சிட்ரேட்டோடு கலக்கட்டும் என்று
தராசுத் தொட்டில் ஆட்டிக்கொண்டே இருந்தது.
நிரம்பப் பதினேழு நிமிடம்.
பதினைந்தைத் தாண்டினால்
குழாயிலேயே வேலை தொடங்கியிருக்கும்,
எட்டு வந்து சேருமுன் செலவாகியிருக்கும்.
சிவப்பை எடுத்துக்கொண்டு
மஞ்சளை ஒதுக்கினாள்.
அவரிடம் சொல்லவில்லை.
தேநீரில் உப்பு போதுமா என்றாள்.
போதும் என்றார்.

அடுத்து ஒரு கல்லூரிப் பெண், உதடு வெளுத்து.
ஐந்தே நிமிடத்தில் பை நிறைந்தது.
பயத்தில் எட்டு பெருகும்.
அதற்காக, நன்றாகப் பயப்படு அம்மா
என்று சொல்ல முடியுமா?

பிரித்த ஒவ்வொரு பையின் இடுப்பிலும்
மளிகைக்கடை ரப்பர் வளையம் ஒன்று.
கல்லான பின் கழற்றிவிடுவாள்.
தடம் நிற்கும், பாவாடை நாடாபோல்.
நடுவில் ஒருமுறை உருகி மீண்டும் உறைந்தால்
தடம் போய்விடும்.
வெப்பமானி மறைப்பதை
இடுப்பு காட்டிக்கொடுக்கும்.

நள்ளிரவு கடந்து மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிப் படுத்தது.
கண்ணாடிபோல் நொறுங்கும் பைகளைக்
கூடை கூடையாய் மாடி முகப்புக்குச் சுமந்தாள்.
பக்கத்து வீட்டு முகப்பில்
வட்ட வட்டமாய் உறைந்த பால்,
ஒவ்வொன்றிலும் தொங்கவிட ஒரு கயிறு.
அவள் நாற்காலி போட்டு
நாய்களுக்குக் காவல் இருந்தாள்.
வானம் இலவசமாகக் குளிர்ந்தது.

விடிந்ததும் எண்ணினாள். முப்பத்தொன்று.
முப்பதுக்கு இடுப்பு உண்டு.
ஒன்று மட்டும் மழமழவென்று.
இந்த இரவின் குளிர் அதைச் செய்யாது.
என்றோ யாரோ எடுத்து,
மேசையில் மறந்து,
சத்தமில்லாமல் திரும்ப வைத்திருக்கிறார்கள்.
அவளாகவும் இருக்கலாம்.
குப்பையில் போட்டுவிட்டு
பதிவேட்டில் தன் பெயரை எழுதினாள்.

ஏழரைக்குத் தொலைபேசி.
எர்தெம், ஒன்பது வயது, எட்டு குறைவாய்ப் பிறந்தவன்.
பல் விழுந்து மூன்று நாள்,
தலையணை இன்னும் சிவக்கிறது.
தலைநகர மருந்து பனியில் எங்கோ நிற்கிறது.

உறையாமல் எடுத்து,
உறைய வைத்துக் காத்து,
உருக்கிக் கொடுப்பது,
இன்னொரு வாயில் உறைவதற்கு.

முப்பத்தேழு டிகிரித் தண்ணீரில் பை மிதக்கிறது.
அவள் அந்த இடுப்பையே பார்க்கிறாள்.
ஒரு பக்கம் தளர்கிறது.
மறுபக்கம்.
போகட்டும், இப்போது போகலாம்.

லிஃப்ட் இன்னும் ஓடவில்லை.
மூன்று மாடி.